கோட்டும் கூந்தலும்

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம்மவர் நாவில் ஓயாது புரளும் பழமொழி. இதனைச் சொல்வோரும் கேட்போரும் அந்த ‘ஆள்’ ஆணா பெண்ணா என்று வினவுவதில்லை. வினவினால் பழமொழியின் கணக்கு மாறிவிடும். ஆணுக்கு ஆடை பாதி என்பது மெய்யே. அவன் நல்லதாக உடுத்தினால் அதனால் வரும் மதிப்பு அவன் பையிலேயே விழுகிறது. பெண்ணுக்கோ ஆடையும் அணியும் கூந்தலும் தோலின் நிறமும் சேர்ந்து முக்காற்பங்காக மதிக்கப்பட்டும், அம்மதிப்பின் வரவு தந்தைக்கும் கணவனுக்கும் குடும்பத்துக்கும் ஜாதிக்கும் போய்ச் சேர்கிறது. செலவு மட்டுமே அவள் பெயரில் எழுதப்படுகிறது. நாம் கணக்குப் புத்தகத்தோடு காலங் கழிப்பவராதலின், இதனை வரவு செலவு மொழியிலேயே சொல்லத் தோன்றுகிறது. இக்கணக்கு எழுதப்பட்டு வந்த வகையை, நம் முன்னோர் புறப்பட்ட ஊர்களிலிருந்து கிள்ளான் வரையில் தொடர்ந்து பார்ப்போம்.

தோற்றம் ஒரு முதல் என்னும் உண்மையை நம் நாட்டு ஆதிக்க ஜாதியார் நூலெழுதி விளக்கவில்லை. தடை விதித்து விளக்கினர். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகள் சுமத்தப்பட்டன. 1931ஆம் ஆண்டின் இந்தியக் குடிமதிப்புக்குத் தலைமை வகித்த ஹட்டன் என்பார் அவற்றைத் தம் நூலில் பதிந்து வைத்திருக்கிறார். பொன்னகையும் வெள்ளி நகையும் அணியலாகாது. ஆடவர் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் ஆடை உடுத்தலாகாது. கோட்டு, சட்டை, பனியன் எதுவும் ஆகாது. தலைமயிரைக் கிராப்பு வெட்டலாகாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கலாகாது. காலில் செருப்பு ஆகாது. மண்பாண்டம் அன்றி வேறு பாண்டம் வீட்டில் ஆகாது. பெண்டிருக்கோ, மார்பைத் துணியாலோ இரவிக்கையாலோ தாவணியாலோ மூடலாகாது; பூவும் மஞ்சட்பூச்சும் ஆகாது. அடுத்த ஆண்டு இவ்வெட்டும் பதினொன்றாக வளர்ந்தன.

இத்தடைகளை மேலோட்டமாகப் படிப்போர், இது ஜாதிக் கொடுமை என்று சினந்து அப்பாற் சென்றுவிடுவர். சினம் நியாயமே. ஆயினும் ஆடவர்க்கு விதித்ததையும் பெண்டிர்க்கு விதித்ததையும் இரு பத்திகளாகப் பிரித்து எழுதிப் பார்த்தால் மற்றொன்றும் புலப்படும். ஆணுக்கு மறுக்கப்பட்டவை பெரும்பாலும் பதவியின் அடையாளங்கள்: கோட்டு, குடை, செருப்பு, கிராப்பு. அவன் எசமானனைப் போல் தோன்றிவிடலாகாது என்பதே அச்சம். பெண்ணுக்கு மறுக்கப்பட்டது அவளுடைய உடம்பைத் தானே மறைத்துக்கொள்ளும் உரிமை. அதாவது, ஆண் எதைக் காட்டலாகாது என்று சட்டஞ் செய்தவர்கள், பெண் எதை மறைக்கலாகாது என்றும் சட்டஞ் செய்தார்கள். ஒரே பஞ்சாயத்து; ஒரே நாள்; இரண்டு அளவுகோல்.

இதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே திருவிதாங்கூரில் தோள்சீலைக் கலகம் நடந்தேறிவிட்டது. மார்பை மூடிக்கொள்ள வேண்டிச் சாணார் குலப் பெண்டிர் பல்லாண்டுகள் அடியும் உதையும் பட்ட பின்னர், சென்னைக் கவர்னரும் வற்புறுத்தவே, 1859 ஜூலை 26இல் மன்னர் உத்தரம் திருநாள் ஓர் அறிக்கை விடுத்தார். கிறிஸ்தவ மதத்தைத் தழுவிய சாணார் பெண்டிரைப் போலக் குப்பாயம் அணியலாம். முக்குவப் பெண்டிரைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். ஆனால் மேல்ஜாதிப் பெண்டிர் உடுத்தும் முறையில் மட்டும் உடுத்தலாகாது. மானத்தைக் கொடுத்தாலும் மதிப்பைக் கொடுக்கமாட்டோம் என்பது இவ்வறிக்கையின் சாரம். அதையும் பெண்ணின் தோள்மீதே எழுதினார்கள்.

இத்தகைய ஊர்களிலிருந்துதான் நம்மவர் கப்பலேறினர். 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்ட பின்னர், தோட்டத்தில் வேலை செய்யும் கங்காணியே உரிமச்சீட்டுப் பெற்றுத் தன் சொந்தக் கிராமத்துக்குப் போய் ஆள் சேர்த்து வருவது வழக்கமாயிற்று. அவன் பேச்சைக் காட்டிலும் அவன் தோற்றமே ஆளைக் கட்டியது. முழங்கால் துணியோடு ஊரை விட்டுப் போனவன் தலைப்பாகையும் கோட்டும் கடுக்கனும் குடையுமாகத் திரும்பி வந்து நின்றால், அந்நிலைக்கு வேறு விளக்கம் வேண்டுமோ? ஊர் எதைத் தடுத்ததோ அதையே உடுத்துக்கொண்டு வந்து நின்றான். போர்ட் சுவெட்டன்ஹாமில், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், நம் பாட்டன்மார் வந்திறங்கியதற்குப் பசியே முதற்காரணம் எனினும், அந்தக் கோட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. இங்கும் ஜாதி ஒழிந்துவிடவில்லை; லயங்களில் அது குடியேறிவிட்டது. எனினும், உன் வேட்டி முழங்காலுக்குக் கீழே போயிற்று என்று அடிப்பதற்கு இங்கு ஆளில்லை. அவ்வளவில் ஆண் ஒருபடி ஏறினான்.

உடன் வந்த பெண் என்ன பெற்றாள்? இரவிக்கை பெற்றாள், அது சிறிதன்று. பூவும் மஞ்சளும் பெற்றாள். காதிலும் மூக்கிலும் கழுத்திலும் கொஞ்சம் பொன் பெற்றாள். ஆனால் அந்தப் பொன்னை அவளுடையது என்று சொல்வது எளிதன்று. பாங்கி இல்லாத தோட்டத்தில் குடும்பத்தின் சேமிப்புப் பெட்டி அவள் காதே ஆகும். நல்ல காலத்தில் அது தோடாகத் தொங்கும். கெட்ட காலத்தில் பட்டணத்து அடகுக்கடைக்குப் போகும். கணவன் கள்ளுக்கடைக்குப் போகும் வழியிலும் அது போகும். நகையணிந்த பெண்ணைப் பார்த்து ‘பொம்பளைக்குப் பொன்னாசை’ என்று இகழ்வோர், அப்பொன்னை எடுத்துக்கொண்டு போகும் கை யாருடையது என்று பார்ப்பதில்லை.

இனிக் கூலிக்கு வருவோம். சர்க்கார் நிர்ணயித்த திட்டக் கூலி, எளிதிற் செல்லத்தக்க இடங்களில் 1928இல் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விலைவாசி வீழ்ச்சியில் இதுவும் வெட்டப்பட்டது. 1936ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய சர்க்காரின் சார்பில் இங்கு வந்து பார்த்த மகாகனம் சீனிவாச சாஸ்திரியார், 50க்கும் 40க்கும் மீண்டும் உயர்த்தவேண்டும் எனப் பரிந்துரைத்தார். அவர் உயர்த்தச் சொன்னது கூலியை. இடையிலுள்ள பத்துக் காசை அன்று. பால்மரம் வெட்டுவதற்கு வேண்டுவது தோள்வலி அன்று, கைநயமே என்பதைத் தோட்டத்தார் அனைவரும் அறிவர். பட்டையை ஆழமாக வெட்டினால் மரம் புண்படும். மேலாக வெட்டினால் பால் வராது. அந்த நுட்பத்தில் பெண்ணின் கை பின்தங்கியதாக எந்தத் துரையும் கண்டதில்லை. ஆயினும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போதே ‘ஆண் ஆள்’, ‘பெண் ஆள்’ என்று விலை வேறாகிவிடும். மரத்தைப் பார்த்துக் கொடுத்த கூலியன்று அது. உடம்பைப் பார்த்துக் கொடுத்தது.

இங்கு ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். பெரியார் ஈ. வெ. ரா. 1929 டிசம்பரில் துணைவியார் நாகம்மையாருடன் மலாயாவுக்கு வந்து, மறு ஆண்டின் தொடக்கம் வரையில் பல ஊர்களிலும் சுயமரியாதைப் பிரசாரம் செய்தார். பெண்கள் கூந்தலைக் கிராப்பு வெட்டிக்கொள்ள வேண்டும், ஆண்களைப் போல் சட்டையும் லுங்கியும் அணியவேண்டும் என்பன அவருடைய கருத்துகள். கற்பு என்னும் சொல் பெண்ணுக்கு மட்டுமே உரியதாயிருப்பது ஏன் என்று அவர் எழுப்பிய வினா, 1942இல் நூலாக வெளிவந்த ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்பதில் நிலைபெற்றது. அவரைப் போற்றிய ஆடவரிலும் பலர், கற்பைப் பற்றிய வாதத்துக்குக் கைதட்டினரேயன்றிக் கிராப்பு என்றவுடன் கையை மடக்கிக்கொண்டனர். தங்கள் குடுமியை ஒரே நாளில் களைந்தவர்கள், தங்கள் மனைவியின் பின்னலைப் பண்பாடு என்றார்கள். ஆனால் நம் தோட்டங்களில் விடியற்காலையில் பால்வெட்டப் போகும் பெண்ணைப் பலரும் கண்டிருப்பர்: கணவனுடைய பழைய முழுக்கைச் சட்டை, கைலி, தலையை மூடிய துண்டு. கொசுவுக்கும் பாற்கறைக்கும் அஞ்சி அவள் அணிந்த அவ்வுடையை எவரும் புரட்சி என்று சொல்லவுமில்லை, பண்பாட்டுக்குக் கேடு என்று பழிக்கவுமில்லை. துரைக்குப் பால் கிடைக்கும் வரையில் பெண் சட்டை போடலாம். பகலில் அதையே போட்டுக்கொண்டு கோயிலடிக்கு வந்தாலன்றோ ஊர் பேசும்!

நிற்க. கோட்டுக்குச் சொந்தக்காரராகிய கிராணிமாரை விட்டுவிட்டுப் பிறரைப் பேசுவது முறையன்று, நாமும் அவ்வினத்தவரே. ஆங்கிலப் பள்ளியிற் படித்துக் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் தேறியவனுக்கு அந்நாளில் இரயில்வேயிலோ தோட்டத்திலோ நாற்காலி கிடைத்தது. பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த யாழ்ப்பாணத்து எழுத்தரும், தோட்டத்து ஆபீஸ் கிராணியும், வெள்ளை டிரில் கால்சட்டையையும் கழுத்துப் பட்டியையும் சோலாத் தொப்பியையும் அணிந்து வெளியே கிளம்பினால், அது வெயிலுக்கு ஏற்ற உடை அன்று என்பதை அவர்களுடைய வியர்வையே சொல்லும். எனினும் அணிந்தார்கள். அவ்வுடை துரையின் நிழலில் ஒரு துண்டு. அதைக் கண்டால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும். அதனாலேயே இவர்களுக்குக் ‘கறுப்பு வெள்ளையர்’ என்று ஒரு பெயர் ஏற்பட்டது. இராமநாதபுரத்தில் குடையை மடக்கியவனின் மகன், கிள்ளானில் சைக்கிளை விட்டு இறங்கினான்.

கறுப்பு வெள்ளையர் என்னும் அப்பெயரிலேயே ஒரு பேதம் அடங்கியிருக்கிறது. ஆண் கோட்டினால் வெளுத்தான். அவன் தோல் எந்நிறமாயினும் உத்தியோகம் அதை மூடிவிட்டது. பெண்ணுக்கு அந்தக் கோட்டு கிடையாது. அவள் தோலினாலேயே வெளுக்கவேண்டும் என்றாயிற்று. 1975இல் இந்தியாவில் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் களிம்பு விற்பனைக்கு வந்தது. கறுத்த பெண்ணுக்கு வேலையும் இல்லை, வரனும் இல்லை. வெளுத்தவுடன் இரண்டும் உண்டு என்பது அதன் விளம்பரக் கதை. உலகெங்கும் எதிர்ப்பு மூண்டபின் 2020இல் ‘ஃபேர்’ என்னும் சொல்லை நீக்கிக் ‘குளோ’ என்று மாற்றினர், குப்பி மாறவில்லை. பாதரசம் கலந்த வெளுப்புக் களிம்புகளை மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை பெயர் சொல்லித் தடைசெய்திருக்கிறது. தடை செய்யச் செய்யப் புதுப்பெயரில் வந்துகொண்டிருப்பதிலிருந்து, வாங்குவோர் குறையவில்லை என்று தெரிகிறது.

மீண்டும் கிள்ளானுக்கு வருவோம். 1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தம், மலாயாத் தமிழ்த் தொழிலாளர் வரலாற்றில் ஒப்பற்றது. ‘தமிழ் நேசன்’ பத்திரிகையிற் பணியாற்றிய ஆர். எச். நாதன் முன்னின்றார். தொழிலாளர் காந்தித் தொப்பி அணிந்தனர். வெள்ளைத் துணியாலான அச்சிறு தொப்பி துரைமாரின் கண்ணை உறுத்தியது. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர்.

அவர்கள் வைத்த கோரிக்கைகள் பன்னிரண்டு. சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, கொடுமை செய்யும் உத்தியோகஸ்தரை நீக்கித் தமிழ் கற்றவரை அமர்த்துதல், பிள்ளைகளுக்குத் தக்க கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பேசவும் கூடவும் உரிமை, சங்கம் அமைக்க உரிமை என்றிவ்வாறு செல்லும் அப்பட்டியலில், துரைக்கும் உத்தியோகஸ்தருக்கும் முன்னால் சைக்கிளில் ஏறிச் செல்ல அனுமதி வேண்டும் என்பதும் ஒன்று. கூலியோடும் மருந்தோடும் சைக்கிளுக்குச் சமமாக இடங் கொடுத்த அத்தொழிலாளரின் அறிவை நாம் வியக்கிறோம். தலைநிமிர்ந்து செல்லும் உரிமையும் ஒரு சொத்து என்பதை அவர்கள் பள்ளிக்கூடம் போகாமலே அறிந்திருந்தனர்.

அப்பட்டியலில் மற்றொன்றும் உண்டு: வெள்ளையரும் கறுப்பு வெள்ளையரும் தொழிலாளருடைய பெண்டிரைக் கெடுப்பதை நிறுத்தவேண்டும் என்பது. நம் இனத்துக் கிராணிமார்மீது எழுந்த இக்குற்றச்சாட்டைப் படிக்கும்போது நமக்குத் தலை குனிகிறது. ஆனால் அதைப் பட்டியலில் எழுதத் துணிந்தவர்களை எண்ணி நிமிர்கிறது. துரையை எதிர்த்து இதைச் சொன்னவன் அன்று வேலையையும் வீட்டையும் சேர்த்தே பணயம் வைத்தான். ஆயினும் இலக்கணம் கற்றோர் ‘தொழிலாளருடைய பெண்டிர்’ என்னும் ஆறாம் வேற்றுமையைச் சற்றே கவனிப்பாராக. அப்பெண்டிரும் தொழிலாளரே. அவர்களும் வாளி சுமந்தவரே; கத்தி பிடித்தவரே. ஆனால் பட்டியலில் அவர்கள் தொழிலாளராக வரவில்லை. தொழிலாளரின் உடைமையாகவே வந்தார்கள். சீனனுக்குச் சமமான கூலி கேட்ட அப்பட்டியலில், ஆணுக்குச் சமமான கூலி பெண்ணுக்கு வேண்டும் என்னும் கோரிக்கை இல்லை. சைக்கிளுக்கு இருந்த இடம் அந்தப் பத்துக் காசுக்கு இல்லை.

ஏன் இல்லை? பெண் ஒரு பொருளாகக் கருதப்பட்டதற்கு, அவள் அரிய பொருளாயிருந்ததும் காரணம் என்று நாம் நினைக்கிறோம். 1931ஆம் ஆண்டில் மலாயா இந்தியரில் ஆயிரம் ஆடவர்க்கு ஐந்நூறு பெண்டிர் அளவிலேயே இருந்தனர். அரிய பொருளுக்கு விலை ஏறும் என்பது சந்தை விதி. ஆனால் ஏறிய விலை பொருளுக்குப் போவதில்லை, வைத்திருப்பவனுக்கே போகிறது. பெண் அரிதாயிருந்த தோட்டத்தில் பரிசப்பணம் பெண்ணைப் பெற்றவர் மடியில் விழுந்தது. மலாயா உத்தியோகம் பார்த்த மாப்பிள்ளை அரிதாயிருந்த யாழ்ப்பாணத்திலோ, சீதனம் மாப்பிள்ளை வீட்டார் மடியில் விழுந்தது. பெண் அரிதானாலும் மலிந்தாலும் அவள் கை வெறுங்கையே. அழகான மனைவியை உடையவன் அவளைக் காவல் காக்க வேண்டியவனானான். அவள் சிரித்தால் குற்றம், சீவிச் சிங்காரித்தால் குற்றம். மைனர் மோதிரமும் அத்தருமாகத் திரிந்த ஆடவனை ‘சோக்குப் பேர்வழி’ என்று சிரித்துக்கொண்டே அழைத்த அதே லயம், சற்றுப் பூ அதிகம் வைத்த பெண்ணுக்கு வைத்த பெயரை இங்கே எழுதலாகாது.

சட்டமும் இவ்வழியே நின்றது. 1860இல் பிரிட்டிஷார் இந்தியாவுக்கு இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 498ஆம் பிரிவு, எண்ணும் மாறாமல் மலாயாவுக்கு வந்தது. பிறன் மனைவியைத் தகாத நோக்கத்துடன் கவர்ந்து செல்வதும் மறைத்து வைப்பதும் அப்பிரிவின்படி குற்றம். முறையிடும் உரிமை கணவனுக்கே. தன் கணவனைக் கவர்ந்தவள்மீது மனைவி முறையிட அதில் வழியில்லை. மாட்டைத் திருடியவன்மீது மாட்டுக்காரன் வழக்கிடுவது போன்ற இப்பிரிவு, அரசமைப்பின் 8ஆம் விதியில் பால்பேதம் கூடாது என்று 2001இல் சேர்த்த பின்னரும் சட்டப் புத்தகத்தில் இருந்தது. மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் அதனைச் செல்லாதென்று தீர்ப்பளித்தது 2023 டிசம்பரில்தான்.

கிள்ளான் வேலைநிறுத்தம் அடங்கி ஆண்டு ஒன்று முடிவதற்குள் யுத்தம் வந்து வெள்ளைத் துரைமாரைத் துரத்தியது. 1943 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பெண்கள் படையை அறிவித்தார். டாக்டர் லட்சுமியைத் தலைவியாகக் கொண்ட ஜான்சி ராணிப் படை அது. தோட்டத்து லயங்களிலிருந்தும் பட்டணத்து வீடுகளிலிருந்தும் பெண்கள் புறப்பட்டனர். கால்சட்டை, சட்டை, இடைவார், தொப்பி, கையில் துப்பாக்கி. சிலர் கூந்தலையும் குறுகக் கத்தரித்துக்கொண்டனர். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் மேடையில் கேட்டு ஆடவர் முகஞ்சுளித்த அதே உடை, இப்போது அணிவகுப்பில் வந்தபோது அவர்களே கைதட்டினர். நாட்டுக்காக என்றால் பெண் கிராப்பு வெட்டலாம். தனக்காக என்றால் ஆகாது போலும்!

அப்படையில் சேர்ந்தோருள் கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி ஒருவர். பிற்காலத்தில் ஜானகி ஆதி நாகப்பன் என்று அறியப்பட்டவர். 1925இல் பிறந்த அவர், வசதியான வீட்டுப் பெண். நேதாஜியின் பேச்சைக் கேட்ட கூட்டத்திலேயே தம் காதுகளில் இருந்த பொன் தோடுகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். குடும்பத்தின் செல்வத்தை ஊருக்குக் காட்டுவதற்காக மகளின் காதில் தொங்கவிட்ட பொன்னை, மகள் தன் எண்ணப்படி தானே செலவிட்டாள். அடகுக்கடைக்குக் கொண்டுபோனவர் எவரிடமும் ஊர் கேட்காத கேள்விகள் அவருக்கு எழாமல் இருந்திருக்க முடியாது. தோட்டைக் கொடுக்க அவர் எவரையும் கேட்கவில்லை. சீருடை அணியவோ தந்தையாரின் இசைவு வேண்டியிருந்தது. கடுமையாக மறுத்த தந்தையார் நெடிது வற்புறுத்திய பின்னரே இசைந்தார். அப்படையில் உயர் பொறுப்பு வகித்துத் திரும்பிய ஜானகியார், 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியபோது அதிலும் முன்னின்றார், 2014இல் மறைந்தார்.

அதே சீருடையை அணிந்த மற்றொருவர் இராசம்மா. 1927இல் பிறந்தவர், தமக்கையோடு பர்மா வரையில் சென்று வந்தவர், பின்னர் ஆசிரியையாகி, இராசம்மா பூபாலன் என்று நாடறிந்தார். ஒரே வகுப்பில், ஒரே பாடத்தை, ஒரே பட்டத்தோடு கற்பித்த ஆசிரியைக்கு ஆசிரியரைக் காட்டிலும் குறைந்த சம்பளம் என்னும் வழக்கத்தை எதிர்த்து, 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தை நிறுவி அதன் முதல் தலைவியானார். கிள்ளானில் 1941ஆம் ஆண்டு எழுதிய பட்டியலில் இடம்பெறாத கோரிக்கை, பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் இங்ஙனம் ஒரு பள்ளி ஆசிரியையின் வாயிலாக மேடையேறியது. சர்க்கார் ஊழியத்தில் அது நிறைவேறப் பல்லாண்டுகள் பிடித்தன. சம ஊதியம் கேட்டுப் போனபோது அப்பெண்கள் கேட்ட முதல் மறுமொழி, ஆணுக்குக் குடும்பம் இருக்கிறதே என்பதாம். வகுப்பில் நின்றவர்களுள் விதவைகளும் இருந்தார்கள். தம்பி தங்கையரைப் படிக்க வைத்தவர்களும் இருந்தார்கள்.